பிள்ளைகளிடம் சொன்ன சொல்லைக் காப்பது எப்படி: பாம்பன் கரையிலிருந்து ஒரு வழிகாட்டி

பாம்பன் புதிய ரயில் பாலத்தின் நடுப்பகுதி மேலே ஏறுவதைக் காட்டுகிறேன் என்று என் கணவர் எங்கள் மகனிடம் சொல்லியிருந்தார். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதி, கப்பலுக்கு வழிவிட 17 மீட்டர் உயரத்துக்கு அப்படியே செங்குத்தாக ஏறும் என்று பள்ளியில் கேட்டுவிட்டு வந்த பையன், ஒரு வாரமாக வேறு பேச்சே பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை இருவரும் சாலைப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒன்றரை மணி நேரம் நின்றார்கள். கப்பல் வரவில்லை, பாலமும் ஏறவில்லை. வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல், "அப்பா பொய் சொல்லிட்டாரும்மா" என்றான்.

அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். முந்தின நாள் கடலுக்குப் போய் அன்று காலையில்தான் கரை திரும்பியவர், தூக்கத்தைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் பையனைக் கூட்டிப் போனார். ஆனால் அவர் கொடுத்த வாக்கு தவறாகக் கட்டப்பட்டிருந்தது. பாலத்துக்குக் கூட்டிப் போவது அவர் கையில் இருந்தது. பாலம் ஏறுவது கப்பலின் கையிலும் காற்றின் கையிலும் துறைமுகத்தாரின் கையிலும் இருந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னதால், அவர் காப்பாற்றிய பாதியும் பையனின் கணக்கில் ஏறாமல் போயிற்று.

நான் இந்தக் கரையில் ஒரு மீனவக் குடியிருப்பில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவள். என் கணவர் விசைப்படகில் போகிறவர், என் மாமியார் கடல்பாசி எடுப்பவர். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். பாய் விரித்து உட்காரும் பிள்ளைகள் இருபதுக்கு மேல். அப்பா சொன்னபடி செய்தார், செய்யவில்லை என்ற கணக்கை அவர்கள் ஒவ்வொருவரும் எவ்வளவு துல்லியமாக வைத்திருக்கிறார்கள் என்று தினமும் கேட்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்தே இதை எழுதுகிறேன்.

வாக்கைப் பிரித்துச் சொல்லுங்கள்

கடலோர வீடுகளில் ஒரு வசதியான பழக்கம் உண்டு. எது நடக்காமல் போனாலும் காற்றின் மேல் பழியைப் போட்டுவிடலாம். கச்சான் அடித்தது, வாடை ஏறிவிட்டது, கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்கவில்லை, வலை கிழிந்துவிட்டது என்று காரணங்களுக்குக் குறைவே இல்லை, அவற்றில் பெரும்பாலானவை உண்மையும்கூட. சிக்கல் என்னவென்றால், உண்மையான காரணத்தையும் சோம்பல் காரணத்தையும் நாம் ஒரே குரலில் சொல்கிறோம்; ஐந்து வயதுவரை நம்பும் பிள்ளை, எட்டு வயதில் காற்று அடித்ததா என்று தானே வெளியே போய்ப் பார்த்துவிட்டு வருகிறது.

ஆகவே வாக்குக் கொடுக்கும்போதே என் கையில் இருப்பது இது, கடலின் கையில் இருப்பது இது என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள். "ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு உன்னைப் பாலத்துக்குக் கூட்டிப் போவேன். கப்பல் வந்தால் பாலம் ஏறும், வராவிட்டால் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவோம்" என்று அவர் சொல்லியிருந்தால், அன்று மாலை அவர் வாக்குக் காப்பாற்றியவராக வீடு திரும்பியிருப்பார். பிள்ளைக்கு ஏமாற்றம் இருந்திருக்கும்தான், ஆனால் அது கப்பலின் மேல் இருந்திருக்கும்.

நாளையும் அப்படியே கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாட்களில் போவதும், மற்ற நான்கு நாட்களை நாட்டுப்படகுகளுக்கு விடுவதும் வழக்கமாக இருக்கிறது. சனிக்கிழமை போன மனிதர் ஞாயிறு காலை உப்பு காய்ந்த கண்ணோடுதான் இறங்குவார். அவரிடமிருந்து ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஒரு வாக்கை வாங்கித் தருவது, தவறுவதற்கென்றே வாங்கித் தருவது ஆகும். பல தாய்மார்கள் இதைச் செய்கிறோம், நானும் செய்திருக்கிறேன். பிள்ளையின் நச்சரிப்பை நிறுத்துவதற்காக, "அப்பா வந்ததும் கூட்டிட்டுப் போவாரு" என்று அவரைக் கேட்காமலே அவர் பேரில் வாக்குக் கொடுத்துவிடுகிறோம். அடுத்தவர் சார்பில் வாக்குக் கொடுப்பதை முதலில் நிறுத்தினால், தவறிய வாக்குகளில் கணிசமானவை பிறக்காமலே போய்விடும்.

நான்கு வயதுப் பிள்ளைக்கு "அடுத்த வாரம்" என்பதற்குப் பொருளே கிடையாது. "மூணு தடவை தூங்கி எந்திரிச்சதும்" என்று சொன்னால் விளங்கும். எழுதத் தெரிந்த பிள்ளையாக இருந்தால், சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அந்தத் தேதியின் கீழே அதன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதிவிட்ட பிறகு நச்சரிப்பு பாதியாகக் குறைகிறது என்பது ஒரு நன்மை. நாம் மறந்துவிட்டதுபோல நடிக்க முடியாது என்பது இன்னொரு நன்மை.

அளவில்லாத வாக்கைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். "நல்லா படிச்சா என்ன கேட்டாலும் வாங்கித் தர்றேன்" என்று சொல்லாத தகப்பன் இந்தக் கரையில் குறைவு. ராமர் பாதம் பட்ட தீவு என்று பெருமை பேசுகிறோம், தந்தையின் சொல்லைக் காத்த பிள்ளையின் கதையைச் சொல்லியே பிள்ளைகளை வளர்க்கிறோம். அந்தப் பிள்ளை காட்டுக்குப் போக நேர்ந்ததற்குக் காரணம், தசரதன் ஒரு நாள் உணர்ச்சிவசப்பட்டு அளவும் கெடுவும் வைக்காமல் இரண்டு வரம் தருகிறேன் என்று சொல்லிவைத்தது என்பதை மட்டும் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. மதிப்பெண்ணுக்குப் பரிசு என்றால் எத்தனை மதிப்பெண், என்ன பொருள், எத்தனை ரூபாய்க்குள், எந்த மாதத்துக்குள் என்று பேசி முடித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். வியாபாரியிடம் மீன் விலை பேசும்போது நாம் காட்டும் கவனத்தில் பாதி போதும்.

தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யாதீர்கள்

இதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில் தவறு செய்தவள் நான்.

என் மகள் மூன்றாம் வகுப்புப் படித்தபோது, ஆண்டு விழாவில் ஆடுவதற்கு ஒரு பச்சைப் பாவாடை கேட்டாள். ராமநாதபுரம் போய் வாங்கித் தருகிறேன் என்றேன். இதற்கு முன் இரண்டு முறை இப்படிச் சொல்லி நான் மறந்திருந்ததால், அவள் நம்பவில்லை. "உன் தலை மேல சத்தியமா வாங்கித் தர்றேன்" என்று அவள் உச்சந்தலையில் கை வைத்துச் சொன்னேன். அப்புறம் அந்த வாரம் சீட்டுப் பணம் கட்ட வேண்டியிருந்தது, போகவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பாவாடையை இரவல் வாங்கிக் கட்டிவிட்டேன். அவளும் ஆடினாள். பத்து நாள் கழித்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இரவு இரண்டு மணிக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தபோது, கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "அம்மா, நீ என் தலையில சத்தியம் பண்ணிட்டுச் செய்யலைல, அதுக்குத்தான் எனக்குக் காய்ச்சலா?"

பெரியவர்களுக்குச் சத்தியம் என்பது பேச்சை அழுத்திச் சொல்லும் ஒரு வழி. பிள்ளைக்கு அது சொன்ன சொல்லுக்குச் சொன்னபடியே பொருள். தன் தலையை அடகு வைத்துத் தாய் கடன் வாங்கினாள், கடனைக் கட்டவில்லை, அடகு முழுகிவிட்டது என்றுதான் அது கணக்குப் போடும். காய்ச்சல் இரண்டு நாளில் இறங்கிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் யார் தலையிலும் சத்தியம் செய்வதில்லை. சத்தியம் செய்தால்தான் நம்புவேன் என்று பிள்ளை கேட்கிறது என்றால், நம்முடைய வெறும் சொல் ஏற்கெனவே செல்லாக்காசாகிவிட்டது என்று அது சொல்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நிலையில் பெரிய சத்தியம் உதவாது. "இன்னைக்குச் சாயங்காலம் உனக்குப் பின்னல் போட்டு விடுறேன்" என்பது போன்ற, அன்றே முடியக்கூடிய சிறிய வாக்குகளாக ஒரு மாதம் கொடுத்து, ஒன்றுவிடாமல் செய்து காட்டுங்கள். நான் அப்படித்தான் மீண்டேன். ஒரு மாதத்தில் முடியவில்லை, நான்கு மாதம் ஆயிற்று.

ஆண்டவன் பேரைச் சேர்த்துச் சொல்வதிலும் இதே கவனம் வேண்டும். கீழக்கரையில் இருக்கும் என் தோழியின் மகன் ஒரு நாள் அவளிடம், "உம்மா, இது நடக்குற இன்ஷா அல்லாஹ்வா, நடக்காத இன்ஷா அல்லாஹ்வா?" என்று கேட்டிருக்கிறான். அன்றைக்கு முழுவதும் தனக்குச் சோறு இறங்கவில்லை என்றாள். "ஆண்டவர் சித்தம்", "கடல்தாய் விட்டா பாப்போம்" என்று நாம் சொல்வதும் அதே ரகம்தான். மனிதன் தன் பங்கை முழுவதும் செய்துவிட்டு மிச்சத்தை ஆண்டவனிடம் விடுவதற்காக ஏற்பட்ட சொற்களை, முடியாது என்று நேராகச் சொல்லக் கூச்சப்பட்டு நாம் பயன்படுத்தினால், பிள்ளை வாக்கை மட்டுமல்லாமல் ஆண்டவன் பெயரையும் சேர்த்துத்தான் எடை போடுகிறது. முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள். பிள்ளை அழும், அரை மணி நேரத்தில் ஓயும்.

தவறப்போகிறது என்று தெரிந்தால் கூண்டு ஏற்றுங்கள்

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதைப் பார்க்காத பிள்ளை இங்கே இல்லை. 1ஆம் எண் கூண்டு ஏற்றினால் எங்கோ தூரத்துக் கடலில் காற்றழுத்தம் உருவாகியிருக்கிறது, இங்கே இன்னும் ஒன்றுமில்லை என்று பொருள். எண் ஏற ஏற ஆபத்து நெருங்குகிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் கடைசியான 11ஆம் எண் புயலின் வேகத்தைக் குறிப்பதில்லை; வானிலை எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரலாம் என்பதைக் குறிக்கிறது.

வீட்டிலும் அப்படித்தான். வாக்குத் தவறுவதைவிட, தவறப்போகிறது என்று தெரிந்தும் ஒரு சொல்லும் சொல்லாமல் இருப்பது மோசமானது. ஆறு மணிக்குப் பள்ளி விழாவுக்கு வருவதாகச் சொன்ன தகப்பன் ஐந்தே முக்காலுக்கு இயந்திரக் கோளாறில் மாட்டிக்கொண்டால், கரையில் இருப்பவர் எவர் மூலமாவது வீட்டுக்கு ஒரு சொல் அனுப்பிவிட வேண்டும். பிள்ளை மேடையிலிருந்து கூட்டத்தில் முகம் தேடாமல் ஆடும். சந்தேகம் தொடங்கும்போதே, அதாவது 1ஆம் எண்ணிலேயே, சொல்லிவிடுவது இன்னும் நல்லது: "சனிக்கிழமை சொன்னேன்ல, வலை வேலை முடியுமான்னு தெரியலை. வெள்ளிக்கிழமை ராத்திரி உறுதியாச் சொல்றேன்." வெள்ளிக்கிழமை இரவு, முடிந்தாலும் முடியாவிட்டாலும், பிள்ளை கேட்பதற்கு முன் நாமாகப் போய்ச் சொல்ல வேண்டும். அந்த வெள்ளிக்கிழமையும் ஒரு வாக்குத்தான்.

மற்றவர்களுக்குக் கொடுத்த வாக்கைப் பிள்ளை பார்க்கட்டும்

தன்மேல் உள்ள அன்பினால்தான் அப்பா சொன்னபடி செய்கிறார் என்று பிள்ளை நினைக்கலாம். அன்போ லாபமோ இல்லாத இடத்திலும் அவர் சொன்னபடி செய்வதைப் பார்க்கும்போதுதான், சொல் என்பதற்கே ஒரு கனம் இருக்கிறது என்று அதற்கு விளங்குகிறது.

என் மாமியாரைச் சொல்கிறேன். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையோடு தீவுகளை ஒட்டி முங்கிப் பாசி எடுப்பவர்கள் இந்தக் கரைப் பெண்கள். பாசி அழிந்துவிடக் கூடாது என்று அவர்கள் தாங்களே கூடிப் பேசி, மாதத்துக்கு 12 நாள் மட்டும் இறங்குவது, மீன்பிடித் தடைக்காலத்தில் 45 நாள் நிறுத்திவைப்பது என்று முடிவு செய்துகொண்டார்கள். பதின்மூன்றாம் நாள் வந்தது. நீர் நன்றாக வற்றிக் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தது, வியாபாரியும் விலையைக் கொஞ்சம் ஏற்றிச் சொல்லியிருந்தார். மாமியார் வலைப்பையை நல்ல தண்ணீரில் அலசி, உதறி, கொடியில் காயப் போட்டார். "ஏன் அப்பத்தா போகலை, தண்ணி நல்லாத்தானே இருக்கு?" என்று என் மகள் கேட்டாள். "பேசுனது பேசுனதுதான் தாயி. இன்னைக்கு நான் இறங்குனா நாளைக்கு எல்லாரும் இறங்குவாக" என்று சொல்லிவிட்டு, அரிசி களைய உள்ளே போய்விட்டார். அறிவுரையாக அவர் அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. சேர்க்காமல் விட்டதுதான் கெட்டிக்காரத்தனம் என்று எனக்குத் தோன்றுகிறது; நானாக இருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பேன்.

இப்படிப்பட்ட இடங்களில் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுப் பணம் ஐந்தாம் தேதி கட்ட வேண்டும் என்றால், நான்காம் தேதியே எண்ணிப் பிள்ளையின் கையில் கொடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள். முன்பணம் வாங்கிய படகை விட்டுவிட்டு, பங்கு கூடத் தருகிறேன் என்று கூப்பிடும் இன்னொரு படகுக்குப் போகாமல் இருப்பது ஏன் என்று வீட்டில் பேசும்போது, பிள்ளையை வெளியே விளையாட அனுப்பிவிடாதீர்கள். அது கேட்கட்டும்.

ஒன்றை மட்டும் எந்த நெருக்கடியிலும் செய்யாதீர்கள். கடன்காரர் அழைக்கும்போது கைப்பேசியைப் பிள்ளையிடம் கொடுத்து, "அப்பா இல்லைன்னு சொல்லு" என்று சொல்வது, நாம் தவறிய வாக்கைப் பிள்ளையின் வாயால் மூடுவதாகும். போனை வாங்கி நாமே பேச வேண்டும்: பணம் இன்றைக்கு இல்லை, இருபதாம் தேதி பாதி தருகிறேன் என்று. அந்தப் பேச்சில் நம் குரல் தாழ்வதைப் பிள்ளை கேட்டாலும் பரவாயில்லை.

பெரிய உடன்படிக்கைகளும் பிள்ளையின் கண்ணுக்கு இப்படித்தான் தெரிகின்றன. கோயிலில் தாலி கட்டியதையோ, தேவாலயத்தில் பிரமாணிக்கமாக இருப்பேன் என்று சொன்னதையோ, நிக்காஹ்வில் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மஹரை எழுதியதையோ அது பார்த்திருக்காது. அம்மா காய்ச்சலில் கிடக்கும்போது அப்பா கஞ்சி வைத்தாரா என்பதைப் பார்க்கும். என் தோழியின் கணவர், கல்யாணத்தில் எழுதிவைத்து நிலுவையில் நின்ற மஹரை, மூன்று பிள்ளைகள் பிறந்த பிறகு, மாதாமாதம் ஒரு தொகையாக அவர்கள் முன்னாலேயே அவள் கையில் எண்ணிக் கொடுத்து முடித்தார். யாரும் கேட்காத கடனை வாப்பா ஏன் கட்டுகிறார் என்ற கேள்வி அந்த வீட்டில் பல மாதம் ஓடியது.

குடியை விடுவதற்காகச் சாமி முன் கயிறு கட்டிக்கொள்ளும் தகப்பன்மாருக்கு ஒரு சொல். "இனி தொடவே மாட்டேன்" என்று பிள்ளைகளிடம் அறிவிக்காதீர்கள். நாற்பத்தெட்டு நாளோ ஆறு மாதமோ, எத்தனை நாளுக்குக் கட்டியிருக்கிறீர்களோ அதை மட்டும் சொல்லுங்கள். அது முடிகிற அன்று, முடிந்தது என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டு, முடிந்தால் மறுபடியும் கட்டிக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் ஒருவர் ஆறாறு மாதமாக மூன்று ஆண்டுகளைக் கடந்துவிட்டார். "இனி ஜென்மத்துக்கும் இல்லை" என்று சொன்னவர்கள் பொங்கலைத் தாண்டவில்லை.

தவறிவிட்டால்

தவறத்தான் செய்யும். அப்போது மிட்டாய் வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டாதீர்கள். தவறிய வாக்குக்கு விலை உண்டு என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து, என்ன சொன்னேன், என்ன செய்யவில்லை என்று காரணத்தைச் சேர்க்காமல் முதலில் சொல்லுங்கள். காரணத்தை அது கேட்டால் சொல்லலாம். பிறகு அதே வாக்கைப் புதிய தேதியோடு நாட்காட்டியில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாம் தேதியும் தவறக்கூடிய வாக்காக இருந்தால் எழுதவே வேண்டாம்.

தள்ளிப்போன வாக்குகளை அடைப்பதற்கு இந்தக் கரைக்கு வாய்த்த காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலம். படகு கரையில் நிற்கும், பள்ளி பெரும்பாலும் விடுமுறையில் இருக்கும், அப்பா வீட்டில் இருப்பார். பணம்தான் இருக்காது. அதனால் பணம் கேட்கும் வாக்குகளை அந்த நாட்களுக்குத் தள்ளாதீர்கள். நேரம் கேட்கும் வாக்குகளைத் தள்ளுங்கள். நீச்சல் கற்றுக்கொடுப்பது, வலை முடியக் கற்றுக்கொடுப்பது, அம்மாச்சி ஊருக்குக் கூட்டிப் போய் இரண்டு நாள் தங்குவது. தடைக்காலம் தொடங்கும் முன்பே மூன்றுக்கு மேல் போகாமல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். படகுக்கு வண்ணம் அடிப்பதும் பழுது பார்ப்பதும் அதே நாட்களில்தான் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

எங்கள் வீட்டு நாட்காட்டியில் இந்தத் தடைக்காலத்துக்கு முதல் வரியாக மகன் எழுதியிருப்பது: "அப்பா பாலத்துக்குக் கூட்டிப் போவார். கப்பல் வந்தால் ஏறும்." இரண்டாவது வாக்கியத்தின் கீழே அவனே கோடு போட்டிருக்கிறான்.